பதினாலாம் நாள் கப்பல்

திண்டிவனம்
14.6.85

சிரஞ்சீவி தேவநாதனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் கோவிந்தம்மாளும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? பெரியவனுக்கு இருமல் நின்றதா?

உன் கடிதம் நேற்று வந்தது. ஒன்றரைப் பக்கத்துக்கு ரேஷன் கார்டு, வீட்டு வரி, மழை பெய்ததா என்று எழுதியிருக்கிறாய். கடைசியில் கையெழுத்துக்கு மேலே கொஞ்சம் இடம் மிச்சம் இருந்ததென்று, "செப்டம்பர் மாதம் நாம் எல்லோரும் கப்பலில் அந்தமான் போகிறோம், உன் பெயரையும் சேர்த்துவிட்டேன்" என்று ஒரு வரி. என்னடா இது? என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? நான் என்ன உன் வீட்டுப் பெட்டியா, பேர் எழுதி ஒட்டி ஏற்றிவிட?

அந்தமான் எது என்று எனக்குத் தெரியாதென்று நினைத்தாயா? கொலை செய்தவனைக் கொண்டுபோய் விட்ட ஊர். என் அப்பா காலத்தில் ஒலக்கூர் பக்கத்திலிருந்து ஒருவனை அங்கே ஏற்றி அனுப்பினார்கள், அவன் பெண்டாட்டி அன்றைக்கே தாலியைக் கழற்றிவிட்டாள். அந்த ஊருக்கு நான் வேடிக்கை பார்க்கப் போக வேண்டுமா?

எழுபத்தேழாம் வருஷம் உன் மாமனார் மாமியாரைக் கூட்டிக்கொண்டு மகாபலிபுரம் போனீர்களே, அப்போது என் பெயரைச் சேர்க்க உனக்குக் கை வரவில்லை. திரும்பி வந்து எனக்கு ஒரு சிப்பி டப்பா கொடுத்தீர்கள். அந்தக் காகிதத்தைக்கூட நான் இன்னும் பிரிக்கவில்லை. வேண்டுமானால் வந்து பார்.

என்னால் வர முடியாது. எருமையை யார் பார்ப்பது? கப்பலில் பொம்பளைகள் குளிக்க மறைவான இடம் இருக்கிறதா, எழுது. கேட்பதால் வருகிறேன் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே.

பிள்ளைகளுக்கு முத்தம்.

அம்மா


விழுப்புரம்
20.6.85

அன்புள்ள அம்மாவுக்கு தேவநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். பெரியவனுக்கு இருமல் போய்விட்டது. முழங்காலுக்குத் தைலம் வாங்கி அடுத்த வாரம் கொடுத்தனுப்புகிறேன்.

கேட்காமல் பெயர் சேர்த்தது தப்புதான், கோபித்துக்கொள்ளாதே. எங்கள் தபால் இலாகாவில் நாலு வருஷத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு இந்தியாவில் எந்த ஊருக்கும் போய்வரச் சர்க்காரே செலவு கொடுக்கும். எல்.டி.சி. என்று பெயர். இந்த டிசம்பரோடு என் முறை முடிகிறது. போன முறை நான் போகாமலே விட்டுவிட்டேன். என்னை நம்பி இருக்கிற தாயார் என்று உன் பெயரையும் எழுதினால்தான் நீயும் வரலாம். அதனால் எழுதினேன்.

மெட்ராஸ் துறைமுகத்தில் ஏறினால் மூன்று ராத்திரி கடலில். ஆயிரம் பேர் போகிற கப்பல் அம்மா. உள்ளேயே சாப்பாட்டுக் கூடம், டாக்டர், மாடிப்படி எல்லாம் உண்டு. பெண்களுக்குத் தனியாகக் குளியலறை இருக்கிறது. கோவிந்தம்மாள் இப்போதே தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

இன்னொரு செய்தி. போன திங்கட்கிழமை பிரம்மதேசத்துச் சித்தப்பாவை இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தேன். நெஞ்சில் சளி கட்டி மிகவும் இளைத்துப் போய்விட்டார். "அண்ணி எப்பிடி இருக்காங்க?" என்று கேட்டார். உனக்கு எழுதாமல் இருக்க மனசு வரவில்லை.

உன் ஆசியை வேண்டும்,
தேவநாதன்


திண்டிவனம்
27.6.85

தேவநாதனுக்கு அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் படபடவென்று வருகிறது.

அந்த வெங்கடாசலத்தின் பேச்சை என்னிடம் எடுக்காதே என்று உனக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்? உனக்கு அப்போது பதினோரு வயது, மறந்திருப்பாய். எனக்கு மறக்கவில்லை. எழுதுகிறேன், படி.

அறுபத்திரண்டாம் வருஷம், மாசி மாதம், செவ்வாய்க்கிழமை உன் அப்பா போனார். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் பதினாறு நாள் தீட்டு. கோயில் இல்லை, கோலம் இல்லை, ஏர் கட்டக் கூடாது, மாடு பூட்டக் கூடாது. இது ஊருக்கே தெரியும். எட்டாம் நாள் காலையில் நான் உள்ளே மூலையில் உட்கார்ந்திருக்கிறேன், கிணற்றுப் பக்கம் மாடு பூட்டிக் கவலை இறைக்கிற சத்தம் கேட்கிறது. சால் ஏறுகிறது, இறங்குகிறது, மாட்டை அதட்டுகிற குரல் கேட்கிறது. எழுந்து வந்து பார்க்கிறேன், கூடப் பிறந்தவன், உன் சித்தப்பா, மல்லாட்டைக்குத் தண்ணீர் இறைக்கிறான். அண்ணன் செத்து எட்டு நாள்! தலை மொட்டை இன்னும் முளைக்கவில்லை! "இன்னாப்பா இது?" என்று கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் பெண்டாட்டி தையல்நாயகி வாய்க்கால் மடையைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

காரியம் முடிந்த மறுநாள் உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு திண்டிவனம் வந்தேன். மண்டியில் கூலிக்கு மல்லாட்டைக் கடலை உடைத்து உன்னைப் படிக்க வைத்தேன். இருபத்துமூன்று வருஷமாக அந்த ஊர் எல்லையை மிதிக்கவில்லை. அவர்கள் எனக்கு உறவில்லை, பங்காளி இல்லை, ஒன்றும் இல்லை. அவன் இளைத்தால் எனக்கென்ன, பெருத்தால் எனக்கென்ன. இனி அவன் பெயர் உன் கடிதத்தில் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். தபால் ஆபீசில்தானே இருக்கிறாய், நீயே வாங்கிக்கொள்.

கப்பலுக்கு வருகிறேன். உனக்காக இல்லை. சர்க்கார் கொடுப்பதை நாம் ஏன் விட வேண்டும்? ஆனால் எனக்குக் கீழ்ப் படுக்கை வேண்டும். கப்பல் சமையல் நான் தொட மாட்டேன், கேப்பை மாவும் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டு வருவேன்.

அம்மா


விழுப்புரம்
2.8.85

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். அனைவரும் சுகம்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, ஆபீசில் வேலை அதிகம். டிக்கெட் உறுதியாகிவிட்டது. செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை கப்பல். காலாண்டு விடுமுறைக்குச் சரியாக இருக்கிறது. உனக்குக் கீழ்ப் படுக்கை, எனக்கும் பெரியவனுக்கும் மேலே. 26ஆம் தேதி சாயங்காலம் வந்து உன்னைக் கூட்டிப்போகிறேன். நீ எழுதிய மற்ற விஷயம் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை.

தேவநாதன்


திண்டிவனம்
9.8.85

சிரஞ்சீவி தேவநாதனுக்கும் கோவிந்தம்மாளுக்கும் அம்மாவின் ஆசி. இங்கே சௌகரியம். மழை இல்லை, கிணறு அடியில் கிடக்கிறது.

ஒன்றும் எழுதவில்லை என்பதையே ஒரு வரியாக எழுதுகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன். போகட்டும்.

பக்கத்து வீட்டு சவுரியம்மாளிடம் கப்பல் விஷயம் சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "இன்னா அஞ்சம்மா, போறதுக்கு மட்டும் டிக்கெட்டா, திரும்பி வர்றதுக்கும் எடுத்துக்கினாங்களா? உம் மருமவள நல்லா கேட்டுக்கோ" என்கிறாள். நான் விடுவேனா? "உன்னிய ஏத்தியிருந்தா கப்பலு ஒரு பக்கமா சாஞ்சிப் போயிருக்கும்டி, அதான் சர்க்காரு உம் புருசனுக்கு வேலையே குடுக்கல" என்றேன். அப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து எருமையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். எனக்குக் கடல் தண்ணீர் ஒரு பாட்டிலில் பிடித்து வா என்றும் சொன்னாள், எதற்கென்று தெரியவில்லை.

நான் புடவை நாலு எடுத்து வைத்துவிட்டேன். கோவிந்தம்மாள், நீ அந்தப் பச்சை நைலக்ஸைக் கட்டிக்கொண்டு வராதே, காற்றில் நிற்காது. வாந்தி வந்தால் கடிக்க எலுமிச்சம்பழம் இருபது வாங்கி வை. பிள்ளைகளைக் கம்பி ஓரம் நிற்க விடாதே. கப்பலில் எத்தனை மாடி, எந்த மாடியில் நாம் இருப்போம் என்பதை உன் புருஷன் எழுதவில்லை. அவனைக் கேட்டு நீ எழுது.

அம்மா


விழுப்புரம்
18.9.85

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் சுகம்.

கப்பல் நல்லபடியாகப் போய்வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போன வாரம் திருப்பதிக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்தேன். மொட்டையாக இருக்கிறேன். பார்த்துத் திடுக்கிடாதே என்பதற்காக முன்கூட்டியே எழுதுகிறேன்.

புரட்டாசிச் சனிக்கிழமை என்று தளிகை போட வேண்டாம் அம்மா. முழங்கால் வலியோடு ஏன் உட்கார்ந்து மாவு இடிக்கிறாய்? அந்தமானிலிருந்து வந்த பிறகு ஏதாவது ஒரு சனிக்கிழமை போட்டுக்கொள்ளலாம். பஸ் நிலையம், மண்டி என்று வெளியே அலையாதே. வீட்டிலேயே ஓய்வாக இரு. எனக்கு 26ஆம் தேதி வேறு வேலை இருக்கிறது, 27ஆம் தேதி காலையில் வந்து அழைத்துப்போகிறேன்.

தேவநாதன்


திண்டிவனம்
22.9.85

தேவநாதனுக்கு.

சுகம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனசில்லை. உனக்கு நான் ஆசியும் எழுதவில்லை.

திருப்பதிக்குப் போனேன் என்று எழுதினாய். நாமம் போட்ட குடும்பத்தில் பிறந்தவன், பெற்றவளுக்குச் சொல்லாமல், பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிப்போகாமல், ஒரு லட்டு அனுப்பாமல் தனியாக மலை ஏறி மொட்டை போட்டு வந்தானா என்று நான் மூன்று நாளாக வெந்துகொண்டிருந்தேன். அது தேவலை. அந்தப் பொய் உண்மையாகவே இருந்திருக்கலாம்.

இன்றைக்குக் காலையில் விழுப்புரம் வண்டி எத்தனை மணிக்கு என்று விசாரிக்க பஸ் நிலையத்துக்குப் போனேன். பிரம்மதேசத்துப் பச்சைமுத்து, கீழ்க்கழனிக்காரன், என்னை அடையாளம் கண்டு வந்து நின்றான்.

"இன்னாம்மா, நீங்க வரலியே? திங்கக்கெழமை காலையில முடிஞ்சிப் போச்சி. உங்க மவன்தான் தந்தியப் பாத்துட்டு ஜல்தியா ஓடியாந்தாரு. புள்ள இல்லாத மனுசன், யாரு கொள்ளி வைக்கிறதுன்னு எல்லாரும் பேஜாராயி நின்னுக்கினு இருந்தோம். மொட்ட அடிச்சிக்கினு, ஈரத்துணியோட வந்து அவருதான் வச்சாரு. பாத்தவங்களுக்கு அப்பிடியே கண்ணு கலங்கிடிச்சி."

நான் அங்கேயே சிமென்ட் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் இன்னும் சொல்கிறான்: "வியாழக்கெழமை காரியம்மா. பதினாறு வரைக்கும் தாங்காதாம். உங்களுக்கு ஏதோ கப்பலு இருக்குதாமே, அதுக்கோசரம் பதினொண்ணுலயே முடிச்சிடறாங்க. உங்க மவன்தான் கேட்டாராம்."

டேய். வெங்கடாசலம் செத்துவிட்டான். அதை நான் பஸ் நிலையத்தில், பழக்கடைக்கு முன்னால், வேற்று மனுஷன் வாயால் கேட்க வேண்டுமா? தந்தி உன் கைக்கு வந்திருக்கிறது. நீ போய்க் கொள்ளி வைத்திருக்கிறாய். மூன்றாம் நாளே வந்து உட்கார்ந்து எனக்கு முழங்கால் வலி, தளிகை போடாதே என்று எழுதியிருக்கிறாய். நேற்றுப் புரட்டாசி முதல் சனிக்கிழமை. நான் போட்டேன். நாமம் சாத்தி, மாவிளக்கு ஏற்றி, தெருப் பிள்ளைகளை அழைத்து கோவிந்தா போட்டு, தீட்டோடு பெருமாளுக்குப் படைத்தேன். ஆறாம் நாள்! இந்தப் பாவத்தை நீ ஏற்பாயா, உன் எல்.டி.சி. ஏற்குமா?

நான் திட்டுவேன் என்று மறைத்தாயா, இல்லை தீட்டு என்று கப்பலை நிறுத்துவேன் என்று மறைத்தாயா? உறவில்லை என்று நான்தான் எழுதினேன், இல்லையென்று சொல்லவில்லை. அது நான் கோபத்தில் சொல்வது. அதை வைத்துக்கொண்டு நீ அவன் சாவை என்னிடமிருந்து எடுத்து ஒளித்துவைப்பாயா? அவன் என் கொழுந்தன். கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோது அவனுக்கு ஒன்பது வயது. நான் போட்ட சோறுதான்.

எட்டாம் நாள் மாடு பூட்டினான் என்று இருபத்துமூன்று வருஷமாக அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவனுக்குக் கொள்ளி வைத்த என் பிள்ளை, பதினாலாம் நாள் கப்பலில் உட்கார்ந்து காற்று வாங்கினால், அதற்காகக் காரியத்தையே இழுத்து முன்னால் வைக்கச் சொன்னால், இனி நான் எந்த வாயால் அவனைத் திட்டுவது? என் இருபத்துமூன்று வருஷத்தையும் நீ ஒரு கப்பல் டிக்கெட்டுக்குக் கொடுத்துவிட்டாய்.

என்னை அழைத்துப்போக வராதே.

அஞ்சம்மாள்


திண்டிவனம்
22.9.85

பிரம்மதேசம் தையல்நாயகிக்கு அஞ்சம்மாள் எழுதுவது.

நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், நானும் அந்த நிலையில் இருந்தவள்தான். அதனால் கேட்கவில்லை.

செய்தி இன்றைக்குத்தான் கேட்டேன். காரியத்தைப் பதினோராம் நாள் வைக்கப்போவதாகவும் கேட்டேன். வைக்காதே. என் பிள்ளை புத்தி கெட்டுக் கேட்டான் என்றால் உனக்கு எங்கே போயிற்று புத்தி? பதினாறு என்றால் பதினாறு. உன் வீட்டில் ஒரு தரம் நாள் தப்பியது போதும்.

அஞ்சம்மாள்


விழுப்புரம்
24.9.85

அத்தை அவர்களுக்கு கோவிந்தம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. ஆபீசுக்கும் போகவில்லை. அவரால் பதில் எழுத முடியவில்லை, நான் எழுதுகிறேன். தப்பிருந்தால் மன்னிக்க வேண்டாம், திட்டுங்கள். பழக்கம்தான்.

உங்களிடம் சொல்லாதீர்கள் என்று சொன்னது நான். அவர் அன்று ராத்திரியே திண்டிவனம் புறப்பட்டார், நான்தான் கையைப் பிடித்துக்கொண்டேன். சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும் என்று எனக்குத் தெரியும். கொள்ளி வைத்ததற்கு அவரைத் தலைமுழுகுவீர்கள், இல்லையென்றால் தீட்டு என்று எல்லோரையும் உட்கார வைப்பீர்கள். நீங்கள் இரண்டையும் செய்தீர்கள்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக உங்கள் சண்டைக்காக நாங்கள் பிரம்மதேசம் தேருக்குப் போனதில்லை. சித்தி ஒரு தரம் பலாப்பழம் கொடுத்தனுப்பினார்கள், அதை நீங்கள் தெருவில் உருட்டிவிட்டது என் கண்ணிலேயே நிற்கிறது. பெரியவனுக்கு உங்கள் வீட்டுக்காரர் பெயர் வைத்தோம், நீங்கள் அவனை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது என்று தெரிந்தும் உங்களுக்காக வைத்தோம். அவர்கள் உறவில்லை என்றீர்கள், சரி என்று இருந்தோம். இப்போது மனுஷன் செத்ததும் உறவு என்கிறீர்கள். உங்கள் பகைக்கும் நாங்கள்தான், உங்கள் முறைக்கும் நாங்கள்தானா? உயிரோடு இருந்தபோது ஒரு நாள் அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாமே அத்தை.

டிசம்பருக்குள் வேறு கப்பலில் இடம் இல்லை. விசாரித்துவிட்டோம். என் அம்மா வீட்டிலும் யாரும் கடலைத் தாண்டியதில்லை. பிள்ளைகள் தினமும் நாள் எண்ணுகிறார்கள். நீங்கள் வேண்டாம் என்றால் நாங்கள் போகவில்லை. ஆனால் அதை உங்கள் வாயாலேயே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

கோவிந்தம்மாள்


பிரம்மதேசம்
24.9.85

அக்காவுக்கு தையல்நாயகி எழுதிக்கொள்வது. எனக்கு எழுத வராது, பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதுகிறார். நான் சொல்வதை அப்படியே எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

இருபத்துமூன்று வருஷம் கழித்து ஒரு கார்டு போட்டாய். அதிலும் நாள் எண்ணித்தான் போட்டாய். என் வீட்டில் நாள் தப்பியது என்று எழுதினாயே, ஆமாம், தப்பியது. மல்லாட்டை காய்கிறது, மாட்டைப் பூட்டு என்று நச்சரித்தது நான். வேண்டாம் என்றார், நான் விடவில்லை. நீ வந்து கேட்டபோது அவர் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறாய்? உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால். அண்ணி திட்டட்டும் என்று விட்டுவிட்டார். அந்த வருஷத்திலிருந்து உன் வீட்டுக்காரர் திதியிலிருந்து எட்டு நாளும் இந்தக் கிணற்றில் ஒரு குடம் இறைத்ததில்லை. பயிர் வாடினாலும் இறைக்க மாட்டார். நீ இங்கே இருந்திருந்தால் பார்த்திருப்பாய்.

தேவநாதன் வந்து கேட்டான், பதினோராம் நாள் வைக்கலாமா சித்தி என்று. கேட்கும்போது தலையைக் குனிந்துகொண்டு கேட்டான், அவர் மாதிரியே. சரி என்றேன். ஏன் என்றால் இத்தனை வருஷத்தில் உன் வீட்டிலிருந்து யாரும் என்னை ஒன்றும் கேட்டதில்லை. பிள்ளைகள் கப்பல் பார்க்கட்டும். வியாழக்கிழமைதான் காரியம். என் புருஷனுக்கு எத்தனை நாள் என்று நான் சொல்கிறேன். நீ வருகிறதென்றால் வா, வராவிட்டால் திண்டிவனத்திலிருந்தே எண்ணு.

தையல்நாயகி


பிரம்மதேசம்
6.10.85

சிரஞ்சீவி தேவநாதனுக்கும் கோவிந்தம்மாளுக்கும் அம்மா எழுதுவது. இது விழுப்புரம் வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கும். ஊர் வந்து சேர்ந்தீர்களா? பிள்ளைகள் வெயிலில் கறுத்துப் போயிருப்பார்கள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டு. யாருக்கு வாந்தி வந்தது?

அன்றைக்குக் காரியத்துக்கு வந்தபோது எல்லோர் முன்னாலும் நான் பேசவில்லை. நீ வந்து கையைப் பிடித்து "எங்ககூட வந்துடும்மா, உன் கீழ்ப் படுக்கை காலியாத்தான் போவும்" என்றபோது தலையை மட்டும் ஆட்டினேன். இப்போது சொல்கிறேன். பதினோராம் நாளோடு உங்களுக்குத் தீட்டு கழிந்தது. சித்தி முறைப்படி செய்தாள், ஊர் சாட்சி. நீங்கள் கப்பல் ஏறியதில் தப்பில்லை. கோவிந்தம்மாளுக்கு அதைச் சொல், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம். அவள் எழுதிய கடிதத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். நேரம் வரும்போது ஒவ்வொரு வரியாகக் கேட்பேன்.

எனக்குப் பதினாறு. அதைக் குறைக்க உனக்கும் அதிகாரமில்லை, தையல்நாயகிக்கும் அதிகாரமில்லை. அதனால் இங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தீட்டு வீட்டில் சண்டை போடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அவள் கஞ்சி கொண்டு வந்து வைப்பாள். உப்பு அதிகம். ஒன்றும் சொல்லாமல் குடித்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் களத்தில் நெல்லைத் துழாவிக்கொண்டே, "கப்பலு இந்நேரம் கெளம்பியிருக்கும்க்கா" என்றாள். "கெளம்பட்டும்" என்றேன்.

நடுக்கடலில் தண்ணீர் கறுப்பாக இருக்குமாமே, மெய்தானா? கோவிந்தம்மாளை எழுதச் சொல். நீ எழுதினால் நான் நம்ப மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை பதினாறு முடிந்தது. கிணற்றில் தலை முழுகினோம். புதன்கிழமை காலையில் அவள் எருமையைக் கறந்துகொண்டிருக்கும்போதே ஆரம்பித்துவிட்டேன். "ஏன்டி, நீ மாட்டப் பூட்டச் சொல்லி நச்சரிச்சத என்னாண்ட வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா இருவத்திமூணு வருசம் நான் அவன எதுக்குத் திட்டியிருப்பேன்? இத்தினி வருசம் தப்பான ஆளத் திட்ட வச்சிட்டியேடி!" என்றேன். அவளுக்கு வந்ததே கோபம்! பால் குவளையை டொக்கென்று வைத்துவிட்டு, "நீ எல்லையத் தாண்டி வந்திருந்தியானா சொல்லியிருப்பேன். திண்டிவனத்துல போயி குந்திக்கினு சாபம் உட்டுக்கினு இருந்தவள எங்கன்னு தேடிப் புடிக்கிறது?" என்கிறாள். என்னைப் பார்த்து! மூத்தவளைப் பார்த்து!

வெங்கடாசலத்தைத் திட்டியதையெல்லாம் திரும்பி எடுத்துக்கொண்டேன், அதை அவன் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டேன். அவ்வளவையும் இப்போது இவளுக்குத் திட்ட வேண்டியிருக்கிறது. லேசான வேலை இல்லை. அவளுக்கும் என்னிடம் கேட்க இருக்கிறதாம், பலாப்பழத்தை உருட்டியதிலிருந்து. தைரியத்தைப் பார்.

எருமையை இன்னும் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லி சவுரியம்மாளுக்கு நீ ஒரு கார்டு போடு. என்னை அழைத்துப்போக இப்போது வராதே. காலையில் ஒரு வேளை, விளக்கு வைப்பதற்குள் ஒரு வேளை என்று அவளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அறுபத்திரண்டில் ஆரம்பித்து நாலு நாளில் இப்போதுதான் அறுபத்துநாலாம் வருஷத்துக்கு வந்திருக்கிறோம்.

அம்மா